அமாவாசை அன்னைக்குத் தெரியும் எங்க தீவோட லட்சணம்

ராமேஸ்வரத்துல கவர்மெண்டு நல்லா நடக்குதா இல்லையான்னு யாராவது கேட்டா நான் ஒண்ணுதான் சொல்லுவேன். சாதா நாள்ல வந்து பாக்காதீங்க, ஆடி அமாவாசைக்கோ தை அமாவாசைக்கோ வந்து பாருங்க. சாதாரண செவ்வாக்கெழமை காலைல வந்தீங்கன்னா எல்லாம் பக்காவா இருக்கும், பஸ் ஓடும், ஏடிஎம்ல பணம் வரும், ரதவீதில நடக்க எடம் இருக்கும், டீக்கடைல உக்காந்து பேப்பர் கூட படிக்கலாம். அமாவாசைக்கு மொதநாள் ராத்திரி ஆரம்பிச்சு மறுநாள் மத்தியானம் வரைக்கும் தாக்குப்பிடிக்குதா, அதுதான் கணக்கு. எங்க ஊரு ஏற்பாடு எல்லாத்தயும் நான் இப்படித்தான் மார்க் போடுவேன், கடைங்களுக்கு மட்டும் வேற பரீட்சை இருக்கு, அத பின்னாடி சொல்றேன்.

நான் தங்கச்சிமடம். வெளியூர்க்காரங்களுக்கு தீவுன்னா கோயிலும் தனுஷ்கோடியும்தான், ஆனா பாலம் தாண்டுனதும் மொதல்ல பாம்பன், அப்பறம் தங்கச்சிமடம், அதுக்கப்பறம்தான் ராமேஸ்வரம். ராமேஸ்வரம் நகராட்சி, நாங்க ரெண்டு ஊரும் பஞ்சாயத்து. வர்ற கூட்டமெல்லாம் எங்க ரோட்டு வழியாத்தான் போகுது, ஹாரன் சத்தமும் பொகையும் எங்களுக்கு, வரியும் வருமானமும் அங்கிட்டு. இத சொன்னா ராமேஸ்வரத்துக்காரங்களுக்குக் கோவம் வரும், பரவால்ல, அவங்களுக்கும் தனியா கொறை நெறய இருக்கு.

அமாவாசை அன்னைக்கு ரோட்டுப் பாலம் எப்படி இருக்கும்னு சொல்றேன். 1988ல தெறந்த பாலம், ரெண்டு கிலோமீட்டருக்கு மேல நீளம், தீவுக்குள்ள வண்டி வர்றதுக்கு இருக்கறது இது ஒண்ணுதான். நிப்பாட்டக் கூடாதுன்னு போர்டு வச்சிருந்தாலும் கார்க்காரன் நடுப்பாலத்துல நிப்பாட்டி, குடும்பத்தோட எறங்கி, கைப்புடி செவுத்துல சாஞ்சுக்கிட்டு போட்டோ எடுப்பான், பக்கத்து ரயில் பாலத்துல ரயில் வருதுன்னு எவனாவது சொல்லிட்டா போதும், பின்னாடி வர்ற இருவது வண்டியும் நின்னுரும். சாதா நாள்ல இது வேடிக்கை. அமாவாசை அன்னைக்கு ஆம்புலன்ஸ் நடுவுல மாட்டிக்கிட்டா வேடிக்கை இல்ல. கொஞ்சம் பெரிய கேஸா இருந்தா ராமநாதபுரத்துக்குத்தான் போயாகணும், ராமேஸ்வரத்துலருந்து அம்பத்தஞ்சு கிலோமீட்டர் பக்கம் வரும். அங்க 2022ல மெடிக்கல் காலேஜ் வந்தது உண்மையிலயே பெரிய விஷயம், அதுக்கு முன்னாடி எதுக்கெடுத்தாலும் மதுரைக்கு ஓடணும். ஆனா காலேஜ் வந்து என்ன, பாலத்த தாண்டுனாத்தானே. எங்க சொந்தத்துல ஒரு பிள்ளத்தாச்சிப் பொண்ணு திருவிழாக் கூட்டத்துல மாட்டி, அவ அம்மா எறங்கி ஓடிப்போயி ஒவ்வொரு கார் கண்ணாடியா தட்டி வழி விடுங்கன்னு கெஞ்சிருக்கு. அவசரத்துக்குன்னு ஒரு பக்கத்த காலியா வச்சிருக்க நாலு போலீஸ் போதும், பாலத்துக்கு அந்த முனைல ரெண்டு, இந்த முனைல ரெண்டு. கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போகத் தேவையில்லாத விஷயம் இது.

ரயில் விஷயத்துல மட்டும் நான் மனசார நல்ல வார்த்த சொல்லுவேன். 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில நிப்பாட்டுனாங்க, அது 1914ல கட்டுனது, துருப்புடிச்சு அதால முடியல. அதுலருந்து 2025 ஏப்ரல் வரைக்கும் தீவுக்கு ரயிலே கெடயாது, ராமநாதபுரத்துலயோ மண்டபத்துலயோ எறங்கி மூட்டமுடிச்சத் தூக்கிக்கிட்டு பஸ் புடிக்கணும். மதுரைல ஆஸ்பத்திரிக்கு மாசாமாசம் போற வயசானவங்க பட்ட பாடு இருக்கே, பாசஞ்சர்ல சொற்ப காசுக்கு காலு நீட்டிக்கிட்டு போனவங்க பஸ்ஸுல இடிபட்டு வந்தாங்க. அந்த ஏப்ரல்ல ராமநவமி அன்னைக்கு பிரதமர் வந்து புதுப் பாலத்த தெறந்து வச்சாரு, நடுவுல 72.5 மீட்டர் துண்டு லிஃப்ட் மாதிரி அப்படியே மேல போகுது, கப்பல் போனதும் கீழ எறங்குது. டூரிஸ்டுக்கு அது அதிசயம், எங்களுக்கு மதுரை பாசஞ்சர் திரும்ப வந்ததுதான் அதிசயம். தாம்பரத்துக்கு புதுசா ஒரு ரயிலும் விட்டாங்க, சரி, நல்லது. ஆனா அமாவாசை சமயத்துல முன்பதிவில்லாத பொட்டில உள்ளூர்க்காரன் கால் வைக்க முடியாது, அந்த ஒரு நாளைக்காவது ரெண்டு பொட்டி கூட மாட்டுனா என்ன கொறைஞ்சிரும்னு தெரியல.

கோயில் பத்தி பேசாம இருக்க முடியாது, பேசுனாலும் வம்பு. ஆயிரத்து எரநூறு தூணு இருக்கற பிரகாரம், உலகத்துல எங்கிருந்தோ வந்து பாக்கறாங்க, எங்களுக்கு அது சாயங்காலம் நடந்து போயி ஒரு கும்புடு போட்டுட்டு வர்ற எடம். அதாவது, இருந்துச்சு. இப்ப கட்டண வரிசை, இலவச வரிசை, அந்தக் கம்பி இந்தக் கம்பின்னு சுத்தவிட்டு, உள்ளூர் ஆளுங்க வழக்கமா போற வழிய அடைச்சுட்டாங்கன்னு ஊருக்காரங்க போராட்டம் பண்ற அளவுக்குப் போச்சு. கூட்டத்த ஒழுங்குபடுத்தணும்தான், யாரும் வேணாம்னு சொல்லல, காசிலருந்து கங்கைத் தண்ணியத் தூக்கிக்கிட்டு வர்றவங்க ரெண்டு நாளு பயணம் பண்ணி வர்றாங்க, அவங்கள முன்னாடி விடுங்க. ஆதார் கார்ட காட்டுனா காலைல ஒரு மணி நேரம் சாயங்காலம் ஒரு மணி நேரம் உள்ளூருக்குன்னு வைங்க, அவ்வளவுதான் கேக்கறோம்.

இதவிட பெரிய கூத்து அக்னி தீர்த்தக்கரை. ஆயிரக்கணக்குல பொம்பளைங்க கடல்ல முங்கி, இருவத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத்துணியோட நிக்கற ஊரு இது, அவங்க துணி மாத்த போதுமான எடம் இருக்கணும்ல? போதாம போனதுனாலதான் தனியார் ரூம்ங்க மொளச்சுச்சு, 2024 டிசம்பர்ல அப்படி ஒரு ரூம்ல ரகசிய கேமரா வச்சிருந்தத ஒரு பொண்ணு கண்டுபுடிச்சு போலீசுக்குப் போச்சு, அந்தப் பொண்ணு மட்டும் கண்ணுல பாக்காம இருந்திருந்தா? செய்தி வந்த ஒரு வாரம் எல்லா ரூம்லயும் செக்கிங்கு. செக்கிங்க விடுங்க, மொதல்ல போதுமான அளவுக்கு இலவசமா, சுத்தமா, பொம்பள ஆளு காவலுக்கு இருக்கற எடம் கட்டுங்க. சாக்கடைத் தண்ணி அந்தக் கடல்லயே கலக்குதுங்கற புகாரும் எத்தனையோ வருஷமா ஓடுது, பாதாள சாக்கடைக்குன்னு ரோட்டத் தோண்டுனதுல நாங்க விழுந்து எந்திரிச்சது தனி.

தண்ணி. நாலு பக்கமும் தண்ணிதான், குடிக்கற தண்ணிக்குத்தான் பாடு. காவிரிக் கூட்டுக்குடிநீர் எங்கிருந்தோ அவ்வளவு தூரம் பைப்ல வருது, வர்ற வரைக்கும் சந்தோஷம், எங்க தெருவுல எப்ப வரும்னு யாருக்கும் தெரியாது, வந்தா நடுராத்திரின்னாலும் கொடத்தத் தூக்கிக்கிட்டு ஓடணும். அமாவாசை வந்தா லாட்ஜுக்கு லாரி லாரியா தண்ணி போகுது. அந்தத் தண்ணி இந்தத் தீவு மணலுக்கு அடில இருக்கற நல்ல தண்ணிதான், அது உப்புத்தண்ணிக்கு மேல மெலிசா மெதந்துக்கிட்டு கெடக்கறது, அளவுக்கு மீறி உறிஞ்சுனா கீழருந்து உப்பு ஏறும். எங்க அம்மா காலத்துல கையால ஊத்து தோண்டி சிரட்டைல மொண்ட எடத்துல இப்ப போர் போட்டா வாய்ல வைக்க முடியல. லாட்ஜுக்கு லைசென்ஸ் குடுக்கறப்ப எத்தன ரூம்னு கேக்கறாங்க, எத்தன ரூமுக்கு எங்கருந்து தண்ணின்னு கேக்கறாங்களான்னு எனக்கு சந்தேகம்தான்.

யார்ட்ட கேக்கறதுங்கறது அடுத்த பிரச்சனை. 2025 ஜனவரியோட எங்க மாவட்டத்துல பஞ்சாயத்துத் தலைவருங்க பதவிக்காலம் முடிஞ்சு, தேர்தல் நடக்காம தனி அலுவலர் கைல போயிருச்சு. தலைவர் நல்லவரோ கெட்டவரோ, தண்ணி வரலன்னா காலைல அவர் வீட்டு வாசல்ல கொடத்தோட போயி நிக்கலாம், அவரு பொண்டாட்டிகிட்ட திட்டலாம், கடைத்தெருவுல மடக்கிப் புடிக்கலாம். அலுவலர எங்க மடக்குறது? மனு குடுங்க, ரசீது வாங்கிக்கங்க, மெசேஜ் வரும். மெசேஜ் கரெக்டா வருது, "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது". தண்ணிதான் வரல.

சர்டிபிகேட் விஷயம் முன்னவிட ரொம்ப தேவல, அத ஒத்துக்கணும். முன்னாடி ஒரு வருமானச் சான்றுக்கு விஏஓ எங்க இருக்காரு, ஆர்ஐ எங்க இருக்காருன்னு தேடி அலையணும், இப்ப இ-சேவைல அறுவது ரூபா கட்டி பதிவு பண்ணுனா ஆன்லைன்லயே கையெழுத்தாகி வந்துருது. ஆனா ஜூன் மாசம் காலேஜ் அட்மிஷன் சமயத்துல சர்வர் படுத்துரும், அப்ப தனியா பிரவுசிங் சென்டர் வச்சிருக்கறவங்களுக்குத்தான் அறுவடை. ஒரு எடத்துல எம் மகனுக்கு ஜாதி சான்று பதிய அறுவது ரூபாய்க்கு எரநூறு வாங்குனாங்க, ஏன் தம்பின்னு கேட்டா "அக்கா நெட்டு ஸ்லோ, உக்காந்து பண்றோம்ல"ன்னான். நெட்டு ஸ்லோவுக்கு நூத்தி நாப்பது ரூபா.

ரேஷன் கடைல ஒண்ணு கவனிச்சிருக்கேன். எங்க பக்கத்து வீட்டு பெரியம்மா பாம்பன் சின்னப்பாலத்துலருந்து வாக்கப்பட்டு வந்தது, அங்க பொம்பளைங்க தலைமுறையா கடல்பாசி எடுக்கறவங்க, விரலுக்கு விரலு துணியக் கிழிச்சு சுத்திக்கிட்டு, கண்ணுக்கு கண்ணாடி மாட்டி, பாறை இடுக்குல கையவிட்டு பாசி பறிக்கணும். சின்ன வயசுலருந்து அந்த வேலை செஞ்ச கை, விரல் ரேகையே தேஞ்சு போச்சு. மெஷின்ல வைக்கும், சிவப்பு லைட்டு. தொடச்சுட்டு வைக்கும், சிவப்பு. அடுத்த விரல். அடுத்த விரல். பின்னாடி வரிசைல முணுமுணுப்பு கேக்கும், பெரியம்மா கூச்சப்பட்டு "நான் அப்பறம் வரேன் தம்பி"ன்னு பையத் தூக்கிட்டு கெளம்பப் பாக்கும். இப்ப கண்ணு ஸ்கேன் பண்ற மெஷின் வந்ததுலருந்து பரவால்ல, எடை போடற தம்பியும் நல்ல பையன், "ஆத்தா, கண்ண நல்லா முழி"ன்னு சொல்லி ஒரே தடவைல முடிச்சு விட்டுருவான். இந்த மாதிரி ஒண்ணு செஞ்சா நாங்க என்ன நன்றி மறந்தவங்களா? மனசுல நிக்குது.

பஸ்ஸும் அப்படித்தான். பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ல டிக்கெட் இல்லன்னு 2021ல வந்ததுலருந்து எங்க தெரு பொம்பளைங்க ராமேஸ்வரத்துக்கு வேலைக்குப் போறது கூடியிருக்கு, இத வச்சு கிண்டல் பண்ற ஆம்பளைங்களுக்கு ஒரு மாசம் பஸ் காச கையிலருந்து குடுத்துப் பாருங்கன்னு சொல்லணும். கொறை என்னன்னா ராத்திரி லாட்ஜ்ல பாத்திரம் வெளக்கி, ரூம் கூட்டி முடிச்சு வர்றவங்களுக்கு கடைசி பஸ் கெடைக்கறதில்ல, கூட்ட நாள்ல கேக்கவே வேணாம், பஸ் ஸ்டாண்டே கோயில்லருந்து ரெண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கு. இலவச பஸ்ஸுன்னு பேரு, ராத்திரி ஆட்டோவுக்கு பாதி கூலி போயிருது.

ஆட்டோன்னதும் ஞாபகம் வருது. எங்க தீவுல மீட்டர் போட்டு ஓட்டுன ஆட்டோவ நான் பாத்ததில்ல. வடநாட்டு ஆளுங்ககிட்ட சரளமா இந்தி பேசி தனுஷ்கோடிக்கு ஒரு தொகைய சொல்லுவாங்க, அவங்களும் ஏறிக்குவாங்க. நம்மகிட்ட "அக்கா உங்களுக்கு என்ன, குடுக்கறத குடுங்க"ன்னுதான் ஆரம்பிப்பாங்க, குடுத்தா மூஞ்சியத் தூக்கிக்குவாங்க. அதுக்காக ஆட்டோக்காரங்கள ஒரேடியா திட்டவும் மனசு வரல, ரயில் இல்லாத அந்த ரெண்டு வருஷத்துல டியூ கட்ட முடியாம வண்டிய குடுத்துட்டு திருப்பூருக்குப் போனவங்க எங்க தெருவுலயே இருக்காங்க.

இப்ப கடைங்களுக்கு நான் வைக்கற பரீட்சை. அது மீன்புடி தடைக்காலம். ஏப்ரல் 15லருந்து ஜூன் 14 வரைக்கும் அறுவத்தோரு நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. படகு நின்னா மீன்காரங்க மட்டும் இல்ல, எங்க வீட்டுக்காரரு வேலை பாக்கற ஐஸ் கம்பெனியும் தூங்கும், வலை கட்றவங்க, கூடை தூக்கறவங்க, லாரி லோடு ஏத்தறவங்க, எல்லார் வீட்லயும் அடுப்பு மெதுவாத்தான் எரியும். நிவாரணம் அஞ்சாயிரமா இருந்தத எட்டாயிரம் ஆக்குனாங்க, அது மீனவர் குடும்பத்துக்கு, ஐஸ் கம்பெனிக்காரனுக்கு யாரு குடுப்பா? அந்த ரெண்டு மாசம் கடன் குடுக்கற கடை எதுவோ அதுதான் எங்களுக்கு நல்ல கடை. எங்க தெரு முக்குல ஒரு அண்ணாச்சி கடை, நீளமான கணக்கு நோட்டு, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம், "அரிசி 10, எண்ணெ 1, துவரை அரை" ன்னு பென்சில்ல எழுதுவாரு, பேனால எழுத மாட்டாரு. ஜூன் கடைசில படகு போயி மொத மீன்பாடு வந்ததும் அவங்கவங்க போயி அடைச்சுட்டு வருவாங்க, அவரு அழிரப்பர எடுத்து நம்ம முன்னாடியே அழிப்பாரு. மெயின் ரோட்டுல ஏசி போட்ட சூப்பர் மார்க்கெட் வந்திருக்கு, வெலையும் ரெண்டு ரூபா கம்மிதான், நான் அண்ணாச்சிகிட்டதான் வாங்குவேன். அண்ணாச்சிகிட்டயும் கொறை உண்டு, தேங்காய் அழுகுனது வந்தா மாத்தித் தர மாட்டாரு, அதுல மட்டும் கல்லு.

மத்த நாள்லயும் படகு என்ன தெனமுமா போகுது, திங்க புதன் சனி விசைப்படகு, மத்த நாள் நாட்டுப்படகு, நடுவுல இலங்கைக் கடற்படை புடிச்சுட்டான்னா வேலைநிறுத்தம், காத்து அடிச்சா கடலுக்குப் போக டோக்கன் கெடயாது. பாம்பன்ல கடல் ஓசைன்னு மீனவங்களுக்குன்னே 90.4ல ரேடியோ ஓடுது, காத்து, அலை, மீன் வெலை, எங்க ஊரு பேச்சுலயே சொல்லுவாங்க, எனக்குத் தெரிஞ்சு இந்தத் தீவுக்கு யாரு செஞ்ச சேவைலயும் செலவு கம்மி, பிரயோஜனம் ஜாஸ்தி அதுதான்.

டூரிஸ்ட்ட நம்பாத வியாபாரமும் எங்க ஊர்ல இருக்கு, அதுல எனக்குக் கொஞ்சம் பெருமை. தங்கச்சிமடத்து மல்லிகை நாத்து. எங்க மணல்ல மல்லிகைக் குச்சிய நட்டு ஈரம் காயாம பாத்துக்கிட்டா சும்மா புசுபுசுன்னு வேர் விடும், புடுங்குனா மண்ணு ஒட்டாம வெள்ளையா வேர் வரும், கட்டு கட்டி சாக்குல சுத்தி லாரில ஏத்துனா தமிழ்நாட்டுல எத்தனையோ ஊருக்கும் வெளி மாநிலத்துக்கும் போகுது. மதுரை மல்லி மதுரை மல்லின்னு எல்லாரும் சொல்றாங்க, அந்தச் செடிக்குத் தாய் வீடு எங்க ஊருன்னு எத்தன பேருக்குத் தெரியும். இதுக்கு கவர்மெண்டு செஞ்சது என்னன்னு கேட்டா தோட்டக்காரங்க சிரிக்கறாங்க. இவங்களுக்கும் அந்த மணலடித் தண்ணிதான் முதல், லாட்ஜுக்கு உறிஞ்சுற தண்ணிய பத்தி நான் கத்துறதுக்கு இது இன்னொரு காரணம்.

2025ல சட்டசபைல ராமேஸ்வரத்துக்கு ஏர்போர்ட்டுன்னு அறிவிச்சாங்க, அன்னைக்கே இங்க நெலம் வாங்க விக்க புரோக்கருங்க வெள்ளச்சட்டை போட்டுட்டு கெளம்பிட்டாங்க. தனுஷ்கோடி பக்கம் பூநாரைக்கு சரணாலயமும் அறிவிச்சிருக்காங்க, அது நல்லது, அங்க 1964 புயலுக்கு அப்பறமும் விடாம குடிசை போட்டு மீன் புடிச்சுட்டு இருக்கற சனங்கள தொந்தரவு பண்ணாம செஞ்சா இன்னும் நல்லது, அரிச்சல்முனை வரைக்கும் 2017ல ரோடு வந்துருச்சு, அவங்க வீட்டுக்கு கரண்டு கம்பி வரலையே. ஏர்போர்ட் வரட்டும், நான் வேணாங்கல. விமானத்துல வந்து கரைப்பக்கம் எறங்கறவனும் பாலத்துலதானே வரணும்.

சட்டமன்றத் தேர்தலோ உள்ளாட்சித் தேர்தலோ, ஓட்டு கேட்டு எங்க தெருவுக்கு வர்றவங்ககிட்ட நான் கேக்கப்போறது ரெண்டுதான், எழுதியே வச்சிருக்கேன். அமாவாசை அன்னைக்கு பாலத்துல ஆம்புலன்ஸுக்கு வழி. ராத்திரி பத்து மணிக்கு மேல ராமேஸ்வரம் பஸ் ஸ்டாண்டுலருந்து பாம்பன் வரைக்கும் ஒரு டவுன் பஸ். போன தடவ வந்தவரு மூணாவதா ஏதாவது கேளுங்கக்கான்னாரு, மொதல்ல ரெண்ட முடிங்கன்னு அனுப்பி வச்சேன்.